முதியோர் இல்லமும் மகளின் கடமையும்

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே ஜீவனாம்சம் தந்தது. 1973இல் வந்த சட்டத்தின் 125ஆம் பிரிவுதான் பெற்றோரைச் சேர்த்தது; ஆனால் 'அவனுடைய தந்தை அல்லது தாய்' என்று ஆண்பாலில் சொன்னது. அந்தச் சொல் மகனை மட்டுமே குறிக்கிறது என்று மருத்துவரான ஒரு மகள் வாதாடினார். 1987இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சொந்த வருமானம் உள்ள மகள், மணமானவளே ஆனாலும், பெற்றோரைக் காக்க வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கிடைத்தது 1989இல்தான். அதற்கு முன்பே மணமாகியிருந்தவர்கள் 2005 வரை காத்திருந்தார்கள். பங்குக்கு முன்பே கடமை வந்துவிட்டது.

முதியோர் இல்லங்களின் கடமையோ இன்னும் முழுதாக வரவில்லை. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், ஆதரவற்ற 150 பேராவது தங்கும் இல்லத்தை மாவட்டந்தோறும் அரசு 'அமைக்கலாம்' என்றது. 'அமைக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. 2018இல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஓர் இல்லத்தின் மீது புகார்கள் எழுந்த பிறகே அங்கிருந்தவர்களை மாவட்ட நிர்வாகம் வேறு இடங்களுக்கு மாற்றியது. இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் 2019ஆம் ஆண்டின் திருத்த மசோதா நிறைவேறாமலே போனது.

இருக்கிற வழிகளையாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பைநல்லூரில் இருக்கும் ஒரு தாய், மகன் பெங்களூரில் இருந்தாலும், தன் மாவட்டத்திலேயே கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புக் கேட்டு மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அவரால் முடியாதபோது, அவர் அனுமதி பெற்ற வேறொருவரோ அமைப்போ கொடுக்கலாம். பொறுப்பில் இருப்பவர், பிள்ளையோ பராமரிப்பாளரோ, முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச் சென்றால் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கட்டணம் வாங்கும் இல்லம் கவனிக்கத் தவறினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அடித்தாலோ அடைத்து வைத்தாலோ காவல் நிலையம். வெளியே விட மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வீட்டையோ நிலத்தையோ பிள்ளைக்கோ இல்லத்துக்கோ எழுதிக் கொடுக்கும் தாய், 'என்னைக் காக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். காக்காவிட்டால் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரங்கள் குறித்து நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்ட தாய்மார்தான் அந்த வழக்குகளில் நிற்கிறார்கள்.