எதிராளியைத் தேடும் வியாபாரம்

குத்துச்சண்டை மேடையில் மணி அடிப்பதற்கு முன்பே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது என்றால் நம்புவீர்களா, நேயர்களே? யாரோடு யார் மோதுவது என்று பேரம் பேசும் மேசையில்தான் அந்தப் பாதி நடக்கிறது.

தெலுக் இந்தான் இன்னும் தெலுக் ஆன்சன் என்ற பெயரில் இருந்த காலம். 1975 ஜூலை 1-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதினார்கள். அமெரிக்க ரசிகர்கள் மாலையில் பார்க்க வேண்டும் என்பதற்காக நம் நாட்டில் காலை நேரத்தில் சண்டை வைக்கப்பட்டது. கொளுத்தும் வெக்கையில் 15 சுற்றுகள். புள்ளிகளில் அலி வென்றார்.

பக்னரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்தவர் அவர். ஐரோப்பிய வெற்றியாளர். 1973-இல் லாஸ் வேகாசில் அலியுடன் 12 சுற்று தாக்குப்பிடித்துப் புள்ளிகளில் தோற்றவர். எளிதில் விழமாட்டார், அதிர்ச்சி வைத்தியமும் கொடுக்கமாட்டார். ஏற்பாட்டாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அலிக்குச் சுமார் 20 லட்சம் அமெரிக்க டாலர், பக்னருக்குச் சுமார் 5 லட்சம் என்று பேசி முடித்தார்கள்.

ஆனால், இந்தக் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் டான் கிங் ஏற்பாடு செய்த சண்டையில் அலியின் எதிரில் நின்றவர் சக் வெப்னர். மதுபான விற்பனையாளராக வேலை பார்த்த அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஒன்பதாவது சுற்றில் அலி தரையில் விழுந்தார்! கடைசிச் சுற்றில் 19 வினாடிகள் மிச்சமிருந்தபோதுதான் வெப்னர் வீழ்ந்தார். 1976-இல் வந்த ‘ராக்கி’ படத்துக்கு வித்திட்டது அந்தச் சண்டைதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரங்கை வாடகைக்கு எடுத்து, டிக்கெட்டும் ஒளிபரப்பு உரிமையும் விற்று இலாபம் பார்ப்பவர் ஏற்பாட்டாளர். வீரரின் நலனுக்காகப் பேரம் பேச வேண்டியவர் மேலாளர். வளரும் வீரருக்கு முதலில் எளிய எதிராளி, அடுத்து அனுபவசாலி, பிறகு உண்மையான சோதனை என்று படிப்படியாக ஏற்றுவது நல்ல மேலாளரின் வேலை. இருவரும் ஒரே கூட்டமாகிவிட்டால் வீரருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

அந்தக் கேள்விக்குப் பதில் அலியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1980 அக்டோபரில், 38 வயதில், லேரி ஹோம்ஸ் எதிரில் அவரை நிறுத்தினார்கள். டிக்கெட் விற்றது. பத்துச் சுற்று அடி வாங்கிய பிறகு பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தச் சொன்னார். 1984-இல் அலிக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இருப்பதாக மருத்துவர்கள் தெரிவித்தார்கள்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஏற்பாட்டாளரும் மேலாளரும் ஒருவரின் தொழிலில் மற்றவர் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு சண்டையில் கிடைக்கும் வருமானத்தை ஏற்பாட்டாளர் வீரரிடம் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் பெயரே முகமது அலி சட்டம்தான்.

2018 ஜூலையில் கோலாலம்பூருக்கு மீண்டும் உலகப் பட்டச் சண்டை வந்தது. மேனி பாக்கியாவ் ஏழாவது சுற்றில் லூக்காஸ் மத்தீசேயை வீழ்த்தினார். ஏற்பாட்டில் முன்னின்றது பாக்கியாவின் சொந்த நிறுவனம்! வீரரே முதலாளியாகும் காலமும் வந்துவிட்டது.

முதலாளியாகும் வசதி எல்லா வீரருக்கும் கிடைப்பதில்லை. சிறு சம்பளத்துக்கு மேடை ஏறும் இளைஞனுக்கு, “இந்தச் சண்டை உனக்கு வேண்டாம், தம்பி” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்பவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் பெற்றோர்தாம் முதலில் பார்க்க வேண்டும்.