வரைகிறவனும் நெய்கிறவனும்

ஒரு கைலியில் ஓடுகிற கட்டத்தை உண்டாக்குகிறவன் யார்? காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுகிறவனா, தறிக் குழியில் கால் வைத்து மிதிக்கிறவனா? பாளையங்கோட்டைக்கு மேற்கே இருக்கும் மேலப்பாளையத்தில், தறிச் சத்தம் தெருவையே நிறைத்திருந்த காலத்தில், இப்படி ஒருவன் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பாவில் இத்தனை இழை நீலம், இத்தனை இழை வெள்ளை. ஊடையிலும் அதே கணக்கு. அந்தக் கணக்குத்தான் சித்திரம். கணக்கை மனசில் வைத்திருந்தவனே சித்திரக்காரன், அவனே நெசவாளி.

இந்த இருவரும் வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்த கதையை உலகச் சரித்திரத்தில் தேடினால், பிரான்சு தேசத்து லியோன் நகரில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. 1804ஆம் வருஷத்தில் ஜாக்கார் என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளை ஏற்றி இறக்கும் தறியொன்றை அமைத்தார். பூவும் கொடியும் வரைய ஓர் ஆள். அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அட்டையில் துளை போட இன்னோர் ஆள். அட்டை சொன்னபடி நெய்ய மூன்றாவது ஆள். வேலை வேகமாயிற்று. ஆனால் வரைந்தவனுக்கு நெய்யத் தெரியாது. நெய்தவனுக்கு ஏன் அந்த இழை எழும்புகிறது என்று தெரியாது. நடுவில் இருந்த அட்டைக்காரன்தான் இருவருக்கும் துபாஷி. இந்த அட்டையே பிற்காலத்துக் கம்ப்யூட்டருக்கும் மூதாதை என்பது பலரும் அறிந்த விஷயம்.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்தது ஒரு நண்பரின் மகனால். பையனின் பாட்டனார் மேலப்பாளையத்தில் தறி போட்டவர். பையனோ இணையப் பக்கங்களுக்கு உருவம் அமைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறான். அவன் கையாளும் கருவிகள் இரண்டு வகை. ஒன்று, பக்கம் எப்படி இருக்கவேண்டும் என்று வரைந்து காட்டுவது. மற்றொன்று, கம்ப்யூட்டரின் பாஷையில் ஒரு வரிகூட எழுதாமல், பெட்டிகளை நகர்த்தி வைத்தே உண்மையான பக்கத்தை உண்டாக்கிவிடுவது. 'எது மேல்?' என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலுக்கு முன்னால், இந்த இரண்டும் எப்படிப் பிறந்தன என்று பார்த்துவிடுவது நல்லது.

பலருக்கு வியப்பாயிருக்கும், வலைப்பின்னல் பிறந்தபோது இந்தப் பிரிவினையே இல்லை. ஸ்விட்சர்லாந்தில் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1990ல் டிம் பெர்னர்ஸ் லீ எழுதிய முதல் உலாவியில், படிக்கிற ஜன்னலிலேயே எழுதவும் முடியும். பழைய மேலப்பாளையத்து நெசவாளியைப் போல, பார்க்கிறவனே செய்கிறவன். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற ஒரே வகை யந்திரத்தில்தான் ஓடிற்று. 1993ல் மொசைக் என்ற உலாவி வந்து உலகத்தையே வலைக்குள் இழுத்தது. அதில் படிக்கலாம், எழுத முடியாது. எழுத விரும்பியவன் குறிகளைக் கற்கவேண்டும்: இது தலைப்பு, இது பத்தி, இங்கே படம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அடையாளமிட்டு எழுதுகிற முறை. அட்டைக்காரன் மறுபடி வந்துவிட்டான்!

அவனை அகற்றுவதற்காக எத்தனை முயற்சிகள்! 1994ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், யாரும் இலவசமாகப் பக்கம் போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது. ஃப்ரண்ட்பேஜ் என்ற கருவியைச் செய்த சிறிய கம்பெனியை 1996ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. 1997ல் ட்ரீம்வீவர் வந்தது. வேர்ட்பிரஸ் 2003ல் பிறந்தது. எல்லாம் சொன்னது ஒன்றுதான்: 'இழைக் கணக்கை நீ கற்கவேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'

பார்த்துக்கொண்டார்கள், வாஸ்தவந்தான். ஆனால் எத்தனை நாள்? ஜியோசிட்டீஸை 1999ல் யாஹூ வாங்கிற்று. 2009 அக்டோபரில் அதை மூடிற்று. கோடிக்கணக்கான பக்கங்கள் இருந்த இடம் அது. குழந்தை பிறந்த சேதி, செத்துப்போன நாய்க்கு எழுதிய இரங்கல், யாரோ ஒருவர் வருஷக்கணக்காகச் சேர்த்த தபால்தலைப் பட்டியல் என்று சாதாரண ஜனங்கள் எழுதிவைத்த எத்தனையோ விஷயங்கள் அதில் இருந்தன. சில ஆர்வலர்கள் ஓடிப்போய் அள்ளி வைத்ததில் ஒரு பகுதி தப்பியது. அடோபி நிறுவனமும் மியூஸ் என்று ஒரு கருவி வைத்திருந்தது; பாஷை தெரியாமலே பக்கம் செய்யலாம் என்பதே அதன் பெருமை. 2018ல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2020ல் கைகழுவிற்று.

வரைகிற கருவிகளின் சரித்திரம் வேறு. புகைப்படம் திருத்துவதற்காகப் பிறந்த போட்டோஷாப்பில்தான் வெகுகாலம் பக்கங்களையும் வரைந்துகொண்டிருந்தார்கள். 2010ல் இரண்டு காரியங்கள் நடந்தன. பக்கம் வரைவதற்கென்றே ஸ்கெட்ச் என்ற கருவி வெளிவந்தது. அதே வருஷம் ஈத்தன் மார்காட் என்பவர், ஒரே பக்கம் பெரிய திரைக்கும் கைப்பேசிக்கும் தானே வளைந்து கொடுக்கவேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அன்றோடு, சட்டம் போட்ட படத்தைப் போலப் பக்கத்தை வரைந்து கொடுக்கிற காலம் முடியத் தொடங்கிற்று. 2016ல் பொதுஜனங்களுக்குக் கிடைத்த ஃபிக்மா, உலாவிக்குள்ளேயே நாலுபேர் ஒரே சமயத்தில் ஒரே படத்தில் வேலை செய்ய வழி செய்தது. அதன் மதிப்பைச் சொல்லவேண்டுமானால், 2022ல் அடோபி 2,000 கோடி டாலருக்கு அதை வாங்கப் பேசியது; ஐரோப்பிய, பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஆட்சேபத்தால் 2023 டிசம்பரில் பேச்சு முறிந்தது.

இனி நண்பர் மகனின் அனுபவம். ஒரு கைலிக் கடைக்கு அவன் ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வரைகிற கருவியில் அவன் கை பறந்தது. பத்து விதமாக வரைந்தான், ஒன்பதைத் தள்ளினான். தள்ளுவதற்குக் காசும் இல்லை, கஷ்டமும் இல்லை. யோசனைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே எல்லாம் அவன் நினைத்த அளவிலேயே நின்றது. ஆங்கிலத்தில் 'பை' என்று மூன்றெழுத்துக்கு அமைத்த பொத்தானில், 'கூடையில் சேர்க்கவும்' என்று தமிழை வைத்தபோது எழுத்து வெளியே வழிந்தது. பெட்டி நீளவேண்டும் என்று அவனாகச் சொல்லிக்கொடுத்தால்தான் நீளும்.

கட்டுகிற கருவியில் கதை தலைகீழ். அங்கே வைத்த பெட்டி, படமல்ல, உண்மையான பெட்டி. தமிழ்ச் சொல் நீண்டதும் தானே நீண்டது. பக்கத்துப் பெட்டியைத் தள்ளியது. கைப்பேசியில் கீழே இறங்கிற்று. நனைந்தால் சுருங்கும், இழுத்தால் நீளும் துணியைப் போல, பொருளின் சுபாவம் உடனே தெரிந்துவிட்டது. ஆனால் பத்து விதம் யோசிக்க முடியவில்லை. கருவி வைத்திருந்த அச்சுக்குள்ளேதான் யோசனையும் ஓடிற்று. இரண்டாவது முறைக்குமேல் அவன் எதையும் கலைத்துப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

'எது மேல்?' என்ற கேள்விக்கு அவன் சொன்ன பதில், 'முதலில் வரைய அது, முடிக்க இது' என்பது. நியாயமான பதில். கருவி செய்கிறவர்களும் அதையே உணர்ந்திருக்கிறார்கள். வரைகிற கருவியாகப் பிறந்த ஃப்ரேமர், 2022ல் பக்கம் கட்டி வெளியிடுகிற கருவியாக மாறிற்று. ஃபிக்மாவே 2025ல் வரைந்த படத்தைத் தளமாக வெளியிட ஒரு வழி அறிவித்தது. 1990ல் செர்னில் ஒரே ஜன்னலாக இருந்தது, முப்பத்தைந்து வருஷம் சுற்றி ஒரே ஜன்னலாக ஆகப் பார்க்கிறது.

விஷயம் இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கைலிக் கடைக்காரர், கருவிகளைப் பற்றி ஒன்றுமே அறியாதவர், பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நாளைக்கு இவங்க வாடகையைக் கூட்டுனா, நாம இதத் தூக்கிக்கிட்டு வேற எடத்துக்குப் போயிரலாமா?"

பையன் சற்றுத் தயங்கினான். "சரக்கு வரும் மாமா, தறி வராது" என்றான். படங்களையும் எழுத்தையும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தை ஓடவைக்கிற அமைப்பு அந்தச் சேவைக்காரரின் வீட்டிலேயே தங்கிவிடும் என்பது பொருள்.

நெசவு ஊர்க்காரருக்கு இது புதிய சேதியா? தறி தன் வீட்டிலேயே இருந்தும், நூலைக் கொடுப்பவரும் துணியை எடுப்பவரும் ஒரே முதலாளியாக இருந்ததால் கூலிக்காரனாகிப்போன நெசவாளிகளின் கதை தமிழ்நாடு முழுவதும் உண்டு. அதற்கு மாற்றாகத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1935ல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. கணக்குத் தெரியாததால் வந்த துன்பமல்ல அது. கணக்கு அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். நூலும் சந்தையும் பிறர் கையில் இருந்ததுதான் துன்பம்.

ஆகவே கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் எது சுலபம், எது அழகு, எது வேகம் என்று கேட்பதோடு கடைக்காரர் கேட்டதையும் கேட்கவேண்டும். சில சேவைகளில் செய்த பக்கத்தின் அமைப்பை வெளியே எடுக்க வழியே கிடையாது. சிலவற்றில் ஒரு பகுதியை எடுக்கலாம். வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மூலக் கருவியை யாரும் தன் இடத்தில் தானே நிறுவிக்கொள்ளலாம். சௌகரியம் கூடக்கூட, பெயர்ந்து போகிற சுதந்திரம் பெரும்பாலும் குறைகிறது. தெரிந்து செய்கிற பேரமானால் அதில் தப்பில்லை.

தாமிரபரணியில் வந்து சேருகிற சிற்றாற்றுப் பக்கம், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில், ஜோஹோ நிறுவனத்தார் இத்தகைய மென்பொருள்களைச் செய்கிறார்கள். தறியைச் செய்கிற கையும் நம் சீமையில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷந்தான்.

நண்பர் மகன் கடைசியில் கடைக்காரருக்கு மூன்றாவது தடவையாகவும் பக்கம் செய்தான். இம்முறை குறிகளைக் கற்றுத் தன் கையாலேயே எழுதினான். பதினைந்து நாள் பிடித்தது. முந்தியதைவிட அது அழகில் சற்றுக் குறைவுதான். ஆனால் அந்தப் பக்கம் முழுவதும் ஒரு சிறிய தகட்டில் அடங்கி, கடைக்காரரின் கல்லாப் பெட்டியில், கடை வாடகைப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது.