கல்வெட்டில் ஏறாத அடுப்படி

குடவோலை என்றதும் நாம் உத்திரமேரூரைப் பெருமையாகச் சொல்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. பின்னதன்படி வாரியத்துக்கு வர வேண்டியவருக்குக் கால்வேலி வரி நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி வேண்டும். ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் வாரியங்கள் இருந்தன. வீடு ஓர் ஆணின் தகுதியாகக் கல்லில் ஏறியது. அந்த வீட்டில் அடுப்பூதியவள் ஏறவில்லை.

மருத்துவமும் நெடுங்காலம் அவளைப் பார்க்கவில்லை. இருமலோடு வருபவரிடம் “புகை பிடிப்பீர்களா?” என்று கேட்பது வழக்கம். பீடியைத் தொடாத பெண்ணுக்கு அந்தக் கேள்வியில் இடமில்லை. டெல்லியில் இதய மருத்துவர் எஸ். பத்மாவதி, நுரையீரல் நோயால் இதயம் பழுதான 127 பேரைப் பற்றி சக ஆய்வாளருடன் 1959இல் எழுதினார். புகை பிடிக்காத பெண்களுக்கும், ஆண்களைவிட இளம் வயதிலேயே, இந்நோய் வருவதைக் கண்டு, சிறுமியாக இருந்த நாள் முதல் அவர்கள் சுவாசித்த அடுப்புப் புகையைச் சுட்டினார்.

அந்தப் புகையை அளக்க இன்னும் காலம் பிடித்தது. 1983இல் கிர்க் ஸ்மித் குழுவினர் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றையே அளந்தனர். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, தமிழகத்தின் 4 மாவட்டங்களில் 436 கிராம வீடுகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டது. விறகு எரிக்கும் வீடுகளில், நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இருந்த நுண்துகள், சமைக்காதவர்களுக்குச் சுமார் 90 மைக்ரோகிராம். சமைப்பவர்களுக்குச் சுமார் 231. ஒரே கூரையின் கீழ் காற்றிலும் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது.

கண்ணெரிச்சல், தலைவலி, இருமலில் கலையும் தூக்கம், விடியுமுன் விறகு பற்றவைக்க வேண்டுமே என்ற கவலை எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே பதில்தான்: “பொம்பளைங்க உடம்புன்னா அப்படித்தான்.” 1983 முதல் 2002 வரை மத்திய அரசு புகையில்லா அடுப்புகளைத் தந்தது, தமிழக அரசு 2007இல் இலவச எரிவாயு அடுப்பு தந்தது. இரண்டும் தேவையானவைதான். ஆனால் சிலிண்டர் வாங்கக் காசு தருவதும், அடுப்படிக்குச் சன்னல் வைப்பதும் வீட்டுக்காரர் கையில் இருக்கும்வரை விறகடுப்பு திரும்பி வரும்.

1989இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்தது. அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. ஆகவே மனை யார் பெயரில் இருக்கிறது என்பது உடல்நலக் கேள்வியும்தான். ஏரிக்கு வாரியம் கண்ட இந்த மண்ணில், அடுப்படிக் காற்று இன்றைய கிராமசபைகளில் பேசப்பட வேண்டும். பேசுபவர்கள் அங்கே சமைப்பவர்களாக இருக்க வேண்டும்.