வாளும் வம்சமும்

விளாங்குடியில் நண்பர் ஒருத்தர் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாள் ஒன்று இருக்கிறது. 'பாளையக்காரர் காலத்தது, பாட்டன் சொத்து' என்றார். எடுத்துப் பார்த்தேன். பிடியின் முனையில் நட்டு போட்டு முறுக்கியிருந்தது. பழைய பிடிகளில் அலகின் வாலை உள்ளே செருகி, அரக்கு மாதிரிப் பிசினை உருக்கி ஊற்றி இறுக்குவார்கள். நீர்வரியும் அப்படித்தான். அசல் உருக்கில் வரி உடம்போடு பிறந்தது. தேய்த்தெடுத்தாலும் அமிலம் தடவினால் திரும்பத் தலைகாட்டும். போலியில் அது மேல்தோலில் அரித்த சித்திரம். தேய்த்தால் போயேபோச்சு. (வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) நண்பரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாளின் மேல்தான் அவருடைய 'ஆண்ட பரம்பரை' நிற்கிறது.

போலியைப் பிடிப்பது சுலபம். அசல் எது என்பதில்தான் சிக்கல். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலை, 1855இல் தஞ்சை கம்பெனி வசமான பிறகு, 1860களில் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த கொஞ்சம் சென்னை அருங்காட்சியகத்துக்கு. மிச்சம் உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தப்பியவற்றில் தஞ்சைப் பிடியும் ஐரோப்பிய அலகுமாகச் சேர்ந்தவை பல. இந்த வகை நெடுவாளுக்கு மராத்தியர் வைத்த பெயரே 'பிரங்கி', நம்ம 'பரங்கி'தான். ஆக, தூய பூர்வீகம் தேடுகிறவன் கையில் கிடைப்பது கலப்பு. 2023இல் லண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம்போன திப்புவின் வாளும் ஜெர்மானிய அலகைப் பார்த்து இங்கே அடித்ததென்றே விவரிக்கப்பட்டது. 1799இல் அது எந்த வெள்ளைத் தளபதி கைக்குப் போனது என்கிற கதைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

பாளையக்காரர் வாள் என்று யார் காட்டினாலும் முதலில் கேட்க வேண்டியது வேறு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரங்களிலேயே, 1801 டிசம்பர் 1ஆம் தேதிப் பிரகடனம் பாளையங்களை நிராயுதபாணியாக்கச் சொன்னது. 1878இல் ஆயுதச் சட்டம். இத்தனையையும் தாண்டி அந்த வாள் எந்தப் பரணில், யார் தயவில் இருந்தது? இதற்குப் பதில் இல்லாத வம்சக்கதையை உலோகம் காப்பாற்றாது.

கொல்லனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேல்சிறுவளூரில் மண்மூசையில் உருக்குக் காய்ச்சிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. காய்ச்சியவர்களுக்கு வம்சாவளி எழுத ஆளில்லை.

எங்க பக்கம் கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக அரிவாள் வைப்பார்கள். புதுசாக அடித்தது. அசலா என்று பூசாரி கேட்பதில்லை. எந்தப் பட்டறையில் அடித்தது என்று மட்டும் கேட்பார்.