தோள்தசை மெலிவும் அதனை அளந்த படங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

தோள்மூட்டைச் சூழ்ந்து நின்று கையை உயர்த்தவும் சுழற்றவும் உதவும் நான்கு தசைகளின் நாண்கள் கிழிவது மருத்துவ உலகுக்குப் புதிய செய்தியன்று. 1834இல் இலண்டனில் ஜே. ஜி. சிமித் என்பார் இத்தகைய கிழிவுகளைப் பிரேதங்களிற் கண்டு விவரித்தார். எனினும், பிரேதத்திற் கண்ட கிழிவு உழைப்போரின் பிரச்சினையாக இனங்காணப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது. இத்தாமதத்தைத் தனிமனிதரின் அறியாமையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

1911இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறிற்று. காயத்துக்கு விலை குறிக்கப்பட்ட பின்னரே, வெளியே எதுவும் புலப்படாத தோள்நோவு விசாரணைக்குரிய பொருளாயிற்று என்பது எமது கருத்து. பொஸ்ரன் அறுவை மருத்துவர் ஏர்ணெஸ்ற் கொட்மன் 1934இல் வெளியிட்ட தோள் பற்றிய பெருநூலில் இப்பிரச்சினைக்கும் இடமளித்தார். (சிகிச்சையின் இறுதி விளைவுகளை வைத்தியசாலைகள் வெளிப்படுத்த வேண்டுமென வாதாடிச் சகாக்களின் பகையைத் தேடிக்கொண்டவரும் இவரே.) ஆயினும் அவர் காலத்து எக்ஸ் கதிர்ப் படம் என்பைத் தெளிவாகக் காட்டிற்றேயன்றித் தசையின் நிலையைக் காட்டவில்லை.

கிழிவு உண்டா என்ற வினாவிலிருந்து, நாணைத் தைத்தாலும் தசை மீண்டும் உழைக்குமா என்ற வினாவுக்கு ஆய்வு நகர்ந்தமையே 1990களின் முக்கியத்துவமாகும். 1994இல் பிரான்சில் கூத்தாலியே குழுவினர், சி.ரி. படத்தில் தசையினுட் படிந்த கொழுப்பை 0 முதல் 4 வரை தரப்படுத்தினர். 3ஆந் தரத்தில் கொழுப்பும் தசையும் சமம். 4இல் கொழுப்பே மிகுதி. பெரிதும் பாதிக்கப்படும் தசை தோட்பட்டை என்பின் மேற்குழியில் உளது. அக்குழியில் எத்துணைப் பங்கைத் தசை நிரப்புகின்றது என்பதை 1996இல் தோமாசோ முதலியோர் எம்.ஆர்.ஐ. மூலம் அளந்தனர், விகிதம் 0.40இலும் குறையின் மெலிவு கடுமையானது. 1998இல் சூரிச்சில் சனெற்றி குழுவினர் இன்னும் எளிய வழியைக் கூறினர். குழிக்கு முன்னும் பின்னும் உள்ள என்புமுனைகளின் மேல்விளிம்புகளை இணைத்து ஒரு கோடு வரைந்தால், நலமான தசை அக்கோட்டைத் தாண்டி மேலெழும். மெலிந்தது கீழே அடங்கிவிடும்.

இவ்வளவைகள் வழுவற்றவை அல்ல. நாண் அறுந்ததும் தசை உள்நோக்கி இழுபடுவதால், வழமையான வெட்டுமுகத்தில் அதன் ஒடுங்கிய பகுதியே அகப்படுகின்றது. தைத்தவுடன் எடுக்கும் படத்தில் தசை பருத்தாற்போலத் தோன்றுவது இதனாலேயே.

இதனினும் பாரதூரமானது வேறொன்று. கொழுப்புப் படிய மாதங்கள் செல்லும். ஆகவே, அறுவையின் பயனை எதிர்வுகூற எழுந்த அளவை, கிழிவின் வயதைக் கூறும் சான்றாக நட்டஈட்டு விசாரணையிலும் புகக்கூடியது. கிழிவு பழையதெனின் அது வேலைத்தல விபத்தால் நேர்ந்ததன்று என முடிவுகட்டுவது எளிது. ஆனால், பல்லாண்டுகள் தலைக்குமேற் கையுயர்த்தி உழைத்துத் தேய்ந்த நாணும் பழைய கிழிவாகவே படத்திற் தெரியும். அவ்வுழைப்பின் விவரம் தொழிலாளியின் வாய்மொழியிலும் வேலைப் பதிவேட்டிலும் உளது. கதிர்ப்பட அறிக்கையோடு அவற்றையும் ஒருங்கு வைத்தே வழக்குத் தீர்க்கப்படல் வேண்டும் என நாம் கருதுகின்றோம்.