சாம்பல், கொழுப்பு, பனங்களி: வீட்டுச் சவர்க்காரத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சவர்க்காரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். யார் எந்த ஊரில் ஆலை கட்டினார், எந்தப் பெயரில் கட்டிகளை விற்றார் என்பதற்குப் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் உண்டு. ஆனால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும் கிராமத்துச் சனங்களில் பலர் தமக்கு வேண்டிய சவர்க்காரத்தைத் தாமே காய்ச்சினார்கள். காய்ச்சியவர்கள் பெண்கள். கூடநின்றவர்கள் பிள்ளைகள். அவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. ஆகவே அவர்களுக்கு வரலாறும் இல்லை என்றாயிற்று.

குளிர்காலம் முழுவதும் அடுப்பில் எரிந்த விறகின் சாம்பலைச் சேர்த்து வைப்பார்கள். ஓக், பீச் போன்ற வைரமான மரங்களின் சாம்பலே நல்லது. அடியில் துளையிட்ட பீப்பாவில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாம்பலைக் கொட்டி, மழைத்தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினால் அடியில் மண்ணிறமாக வடிவது காரநீர். அதில் ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். முட்டை மிதந்து, ஒரு நாணயத்தின் அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் காரம் போதும். தாண்டால் இன்னொரு முறை சாம்பலினூடு விடவேண்டும். மிருகம் அடித்த காலத்தில் உருக்கி வைத்த கொழுப்பையும் இந்தக் காரநீரையும் பெரிய இரும்புக் கிடாரத்தில் இட்டு, முற்றத்தில் மணிக்கணக்காகக் காய்ச்சுவார்கள். சாம்பல் அள்ளுவதும் தண்ணீர் வார்ப்பதும் பிள்ளைகளின் வேலை. விறகும் கிடாரமும் ஆண்களின் பாடு. துழாவுவதும் பதம் பார்ப்பதும் பெண்கள். மரச்சாம்பலில் இருப்பது பொற்றாசியம் காபனேற்று என்பதால் கிடைத்தது கூழ் போன்ற மென்சவர்க்காரம். உப்புச் சேர்த்தால் இறுகும். ஆனால் உப்புக்குக் காசு வேண்டும். எனவே பலர் கூழாகவே வைத்து அகப்பையால் அள்ளிப் பாவித்தார்கள்.

கொழுப்பு காரத்தோடு தாக்கமுறும்போது கொழுப்பமிலங்களின் உப்பும் கிளிசரோலும் உண்டாகின்றன. அந்த உப்புத்தான் சவர்க்காரம். கொழுப்பின் இந்த அமைப்பை 1823 இல் வெளிவந்த தன் நூலில் விளக்கியவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரேல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் படிப்பில் இன்றும் மறவாமல் இருப்பவற்றில் இதுவும் ஒன்று. செவ்ரேலுக்கு வெகு முன்பே முட்டையை மிதக்கவிட்டுச் செறிவை அளந்த பெண்கள் இத்தாக்கத்தின் பெயரை அறியமாட்டார்கள். அதன் கணக்கை அறிந்திருந்தார்கள்.

அரசுகள் சவர்க்காரத்தை ஒருபோதும் சும்மா விட்டதில்லை. இங்கிலாந்தில் 1712 இல் சவர்க்காரத்துக்கு வரி விதிக்கப்பட்டது. வரி அதிகாரிகள் இரவில் காய்ச்சும் கிடாரங்களின் மூடிகளைப் பூட்டி வைத்தார்கள். அந்த வரி நீங்கியது 1853 இல். பிரான்சில் 1688 ஆம் ஆண்டின் அரச கட்டளை ஒலிவ எண்ணெய் தவிர வேறு கொழுப்பைக் கலக்கக்கூடாதென்றும், கோடை மாதங்களில் ஆலைகளை மூடவேண்டுமென்றும் விதித்தது. 1791 இல் லெப்ளாங் கறியுப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். சாம்பலின் தேவை குறைந்தது. கட்டிச் சவர்க்காரம் மலிந்தது. முற்றத்துக் கிடாரம் மெல்ல மெல்ல மறைந்தது. பின்னாளில் மார்செய் ஆலைகளுக்கு ஒலிவ எண்ணெய் போதவில்லை. நாங்கள் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய்க்குக் கப்பலேறியது. தென்னாற்காட்டுத் தமிழ்க் குடியானவர் விளைவித்த கடலையின் எண்ணெய் பிரெஞ்சுக்காரரின் உடுப்புகளை வெளுத்தது. மார்செய்ச் சவர்க்காரத்தைப் பெருமையோடு காட்டும் கடைகளில் இந்தக் கதையைச் சொல்ல ஆளில்லை.

எங்கள் பக்கத்தில் கொழுப்பைக் காய்ச்சும் வழக்கம் வீடுகளில் வேரூன்றவில்லை. தலைக்குச் சீயக்காய், எலுமிச்சை. பாத்திரத்துக்குச் சாம்பலும் தும்பும். உடுப்புக்கு உவர்மண்ணும் வெள்ளாவியும். இந்தக் கடைசி வேலையை வீடு செய்யவில்லை என்பதை இங்கு மறைக்காமல் சொல்லவேண்டும். அதை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டோம். மற்றவர்களின் அழுக்கையும் தீட்டுச் சேலைகளையும் சுமந்துபோய், உவரில் தோய்த்து, ஆவியில் அவித்து, வெளுத்துக் கொண்டுவந்தவர்களை வீட்டின் பின்புறத்தில் நிறுத்தினோம். ஐரோப்பியக் குடும்பம் சவர்க்காரம் காய்ச்சக் கூடியதுபோல எங்கள் குடும்பங்கள் கூடவில்லையென்றால், அதற்கு எங்கள் சுத்தத்தின் பாரம் வேறு யாருடையதோ தோளில் இருந்ததும் ஒரு காரணம்.

கைவிட்ட கைவேலையைத் திரும்பக் கொண்டுவந்தது யுத்தம். பிரித்தானியாவில் 1942 பெப்ரவரியில் சவர்க்காரம் பங்கீட்டுக்கு வந்து, யுத்தம் முடிந்து ஐந்து வருடங்களின் பின் 1950 இல்தான் விடுபட்டது. எண்ணெயும் கொழுப்பும் சாப்பாட்டுக்கு வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். கொழுப்பிலிருந்து வரும் கிளிசரினுக்கு வெடிமருந்துச் சாலைகளும் காத்திருந்தன. அமெரிக்காவில் பொரித்த கொழுப்பைத் தகரங்களில் சேர்த்து இறைச்சிக்கடையில் கொடுக்கும்படி குடும்பப் பெண்களை அரசு கேட்டது. ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் பிரான்சில் ஐவி இலையை அவித்த தண்ணீராலும் சாம்பலாலும் துவைத்தார்கள். பாட்டிமாரின் கைப்பக்குவம் பேத்திகளுக்கு மறுபடி தேவைப்பட்டது.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட யுத்தம் தொடங்கியபின் அதே பாடம் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் அரும்பொருளாயிற்று. மில்க்வைற் என்ற பெயரில் சொந்தமாகச் சவர்க்காரம் செய்து, அதே பெயரில் ஒரு சஞ்சிகையும் கண்ட ஊர் அது. ஆலை இருந்தும் மூலப்பொருள் வராவிட்டால் என்ன செய்வது? சனங்கள் பனையிடம் போனார்கள். ஆவணி புரட்டாசியில் விடியமுன் வளவுக்குள் விழுந்த பழங்களைப் பொறுக்குவது எங்களைப் போன்ற சிறுவர்களின் வேலை. அம்மம்மா தோலை உரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து களியெடுப்பா. அம்மா தும்பு போக வடித்து உடுப்பை ஊறப்போடுவா. அப்பா கிணற்றில் அள்ளித் தருவார். நுரை வரும், அழுக்கும் போகும். மணம் மட்டும் போகாது. கொடியில் காயும் சேட்டை மாடு வந்து சப்பிய கதை அந்தக் காலத்தில் இருந்த எந்த வீட்டிலும் கேட்கலாம். உண்மையில் அது சவர்க்காரமல்ல. பனங்களியில் கைப்பைத் தருகிற சப்பொனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. இலங்கை இரசாயனவியலாளர்கள் அதை ஆராய்ந்து பிளபெலிபெரின் என்று பெயரிட்டிருக்கிறார்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது சவர்க்காரம் மறுபடி விலையேறியது. அப்போது பனம்பழத்தைத் தேடிய கிழவிகளுக்கு யாரும் செய்முறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று ஐரோப்பாவில் வீட்டுச் சவர்க்காரம் பொழுதுபோக்காகத் திரும்பியிருக்கிறது. லவெண்டர் வாசனையோடு வகுப்புகள் நடக்கின்றன. நான் பாத்திரம் கழுவும் உணவகத்தில் பொரித்த எண்ணெயைக் கொண்டுபோக லொறி வருகிறது. அந்தப் பீப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் இதில் எத்தனை கட்டி வரும் என்று மனம் கணக்குப் போடும். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெயில் செய்கிறோம். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராம் எரிசோடா பிடிக்கும். ஒலிவ எண்ணெய்க்கு 134 கிராம். நூற்றுக்கு ஐந்து குறைத்துப் போட்டால் தோலுக்குப் பாதுகாப்பு. சோடாவைத்தான் தண்ணீரில் போடவேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக்கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அந்தக் கட்டத்தில் பிள்ளைகள் தள்ளி நிற்கவேண்டும். பிறகு துழாவவும் அச்சில் வார்க்கவும் வரலாம், கையுறையோடுதான். நான்கு தொடக்கம் ஆறு வாரம் காயவைக்க வேண்டும்.

விரும்பிச் செய்பவர்களுக்கு இது இனிய வேலை. வேறு வழியில்லாமல் செய்தவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. தடைக்காலத்தில் குடும்பத்தை நாறாமல் காப்பாற்றிய பெண்கள் பலர் இன்று அறுபது எழுபது வயதில் பாரிசிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். பனம்பழக் காலம் முடிந்தபின் எதனால் துவைத்தீர்கள், கைக்குழந்தையின் துணியை என்ன செய்தீர்கள், மாதவிலக்குத் துணியை எப்படி வெளுத்தீர்கள் என்று அவர்களை நாங்கள் இன்னும் கேட்கவில்லை. களமுனைகளின் திகதிகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. இந்தக் கேள்விகளுக்கான பதில்களையும் கேட்டு எழுதிவைப்போம், அவர்கள் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே.