கைவண்டியோடு வருகிறவர்கள்

சென்ற டிசம்பரில் மூன்று பழைய கணினி விளையாட்டுகளை மலிவு விற்பனையில் வாங்கினேன். 'கிங்ஸ் குவெஸ்ட்' என்ற சாகச விளையாட்டின் 4, 5, 6ஆம் பாகங்கள் அடங்கிய தொகுப்பு. 'குவெஸ்ட் ஃபோர் குளோரி' என்ற பாத்திரமேற்கும் விளையாட்டின் ஐந்து பாகங்கள். நகர் கட்டும் 'சீசர் 3'. எல்லாவற்றுக்குமாகக் கொடுத்த காசில் ரொறொன்ரோவில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட முடியாது. தொண்ணூறுகளில் இவற்றில் ஒரு பெட்டியை வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

மூன்றையும் இயக்கியபோது ஒன்றைக் கவனித்தேன். மூன்றிலும் ஒரே சின்னம், பாதி அறுத்தது போன்ற ஒரு மலை. கலிபோர்னியாவின் யொசெமிட்டிப் பள்ளத்தாக்கில் நிற்கும் அந்த மலையைத் தன் அடையாளமாக வைத்திருந்த நிறுவனம் சியரா. அந்தப் பெயர் இன்று ஒரு பழைய முத்திரை மட்டுமே. மலை அங்கேயே நிற்கிறது. அதன் அடிவாரத்தில் இருந்து விளையாட்டுகள் செய்தவர்கள் எப்போதோ கலைந்துவிட்டார்கள். அப்படியானால் நான் வாங்கியதை இவ்வளவு காலமும் யார் வைத்திருந்தார்கள்? இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

கதை ஒரு குகையில் தொடங்குகிறது. வில்லியம் குரொதர் என்ற அமெரிக்க நிரலாளர் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைகளில் இறங்கி அளவெடுத்தவர். மணமுறிவுக்குப் பிறகு, எழுபதுகளின் நடுவில், தன் பெண் பிள்ளைகள் விளையாடுவதற்காக அந்தக் குகையைச் சொற்களாலேயே கணினிக்குள் கட்டினார். 1977இல் டொன் வுட்ஸ் அதை விரித்தெழுதினார். படம் எதுவும் கிடையாது. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்ற வகையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் கணினி எழுத்தில் பதில் சொல்லும். 'கொலோசல் கேவ்' என்ற அந்த விளையாட்டில் மூழ்கியவர்களில் ரொபேட்டா வில்லியம்ஸும் ஒருவர். இரண்டு பிள்ளைகளின் தாய். இதற்குப் படம் இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தார். அவர் கதை எழுதிக் கோட்டுப்படங்கள் வரைய, கணவர் கென் நிரல் எழுத, 1980இல் 'மிஸ்ட்ரி ஹவுஸ்' வெளிவந்தது. சமையலறைப் பிளாஸ்டிக் பையில் ஒரு ஃபிளொப்பியும் ஒரு தாளும். அவ்வளவுதான் பொதி. அந்த வருமானத்தில் குடும்பம் மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஓக்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் நிறுவனம் வளர்ந்தது.

1984இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் புதிய வீட்டுக் கணினிக்காகக் கேட்டுச் செய்வித்தது 'கிங்ஸ் குவெஸ்ட்'. பதினாறு நிறங்கள். மரத்துக்குப் பின்னால் போனால் ஆள் மறைவான், முன்னால் வந்தால் தெரிவான். இன்று இதைச் சொல்லச் சிரிப்பு வரும். அன்று திரைக்கு ஆழம் கிடைத்தது இப்படித்தான். அந்தக் கணினி சந்தையில் தோற்றுப்போனது. விளையாட்டு வேறு கணினிகளில் ஏறிப் பிழைத்துக்கொண்டது.

நான் அதன் ஆறாம் பாகத்தை 1994இல் ஸ்காபரோவில், பெரியம்மா வீட்டு நிலவறையில் பார்த்தேன். கனடாவுக்கு வந்து ஓராண்டு. அண்ணா, அதாவது பெரியம்மாவின் மகன், பள்ளிக்கூட நண்பனிடமிருந்து படியெடுத்த ஃபிளொப்பிகளைச் சப்பாத்துப் பெட்டியொன்றில் வைத்திருந்தார். நாங்கள் களவாக விளையாடினோம் என்பதை மறைப்பதற்கில்லை. அதற்குத் தண்டனையும் கிடைத்தது. கதையின் நடுவே ஒரு செங்குத்தான குன்று வரும். அதில் ஏறுவதற்கான விடைகள் பெட்டியோடு வரும் சிற்றேட்டில் அச்சிடப்பட்டிருந்தன. பெட்டியை வாங்கியவர் ஏறலாம். படியெடுத்தவர் அடிவாரத்தில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் நின்றோம். ஒரு மாதத்துக்குப் பின் யாரோ அந்தச் சிற்றேட்டின் போட்டோகொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கொப்பியின் கொப்பி. எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. நான் அகராதி வைத்துக்கொண்டு முழுக்க வாசித்த முதல் ஆங்கில நூல் அதுதான்.

இப்போது விளையாடும்போது கண்ணில் படுவது சியராவின் கடுமை. ஐந்தாம் பாகத்தில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். சில கணங்கள்தான். பாலைவனத்தில் கண்டெடுத்த பழைய சப்பாத்தை அந்தப் பூனைமீது எறிந்தால் எலி தப்பும். எறியாவிட்டால் ஒன்றும் நடக்காது, விளையாட்டு தொடரும். வெகுநேரம் கழித்து யாரோ நம்மைக் கட்டி நிலவறையில் போடுவார்கள். அந்த எலி வந்து கயிற்றைக் கடித்தால்தான் மீட்சி. எலி செத்திருந்தால் நாமும் அவ்வளவுதான். தவறு நடந்த இடம் ஒன்று, அது தெரியவரும் இடம் வேறொன்று. சியரா என்ற நிறுவனத்தின் கதையும் ஏறக்குறைய அப்படியே முடிந்தது.

1996இல் கென் வில்லியம்ஸ் நிறுவனத்தை விற்றார். வாங்கியது சி.யு.சி. இன்டர்நேஷனல். சந்தா கட்டுபவர்களுக்குக் கழிவு விலையில் பொருள் பெற்றுக்கொடுப்பது அதன் தொழில். பெறுமதி சுமார் 100 கோடி டொலர், அதுவும் பங்குகளாக. அதன் தலைவர் வோல்டர் ஃபோர்ப்ஸ் ஏற்கெனவே சியராவின் இயக்குநர் குழுவில் இருந்தவர். 1997 இறுதியில் சி.யு.சி. இன்னொரு பெரிய நிறுவனத்துடன் இணைந்து சென்டன்ட் ஆனது. 1998 ஏப்ரலில், சி.யு.சி. பல ஆண்டுகளாகப் பொய்யான வருமானக் கணக்கு எழுதிவந்தது வெளியானது. பங்கின் விலை ஒரே நாளில் ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. ஃபோர்ப்ஸ் 2006இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் ஓக்ஹர்ஸ்ட் அதுவரை காத்திருக்கவில்லை. விளையாட்டுப் பிரிவு ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்குக் கைமாறியது. 1999 பெப்ரவரி 22, ஒரு திங்கட்கிழமை, ஓக்ஹர்ஸ்ட் ஸ்டூடியோ மூடப்பட்டது. நூறுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். மரம் அறுக்கும் இயந்திர வாளின் பெயரால் அந்தத் திங்களை அவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

அந்த ஸ்டூடியோ மூடப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு வெளியிட்டதுதான் 'குவெஸ்ட் ஃபோர் குளோரி'யின் ஐந்தாம் பாகம். லோரி கோல், கோரி கோல் தம்பதி 1989இல் தொடங்கிய தொடர். வீரன், மந்திரவாதி, திருடன் மூன்றில் ஒருவனாக நாம் புறப்படுகிறோம். மரத்தில் ஏறி ஏறி விழுந்தால் ஏறும் திறன் கூடும். கல்லெறிந்து பழகினால் குறி தப்பாது. ஒரு பாகம் முடிந்ததும் நம் ஆளின் திறன்களை ஒரு சிறு கோப்பாகச் சேமித்து அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகலாம். முதலில் ஜெர்மானியச் சாயலுள்ள பள்ளத்தாக்கு, பிறகு அரபு நகரம், ஆபிரிக்கப் புல்வெளி, கிழக்கு ஐரோப்பிய மலைநாடு, கடைசியில் கிரேக்கச் சாயலுள்ள தீவு. எங்கே போனாலும் அவன் வந்தேறி. அவன் கையில் மிஞ்சுவது தான் பழகிய திறன் மட்டுமே. அந்தக் கோப்பைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் போலப் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. இந்த முறை முதல் பாகத்திலிருந்து இரண்டாவதற்கு அவனைக் கொண்டுபோனபோது, பத்தாண்டு உழைப்பை ஒரே நாளில் மூடியவர்களுக்கு அவனைப் பற்றித் தெரிந்திருக்குமா என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாவது, 'சீசர் 3'. 1998இல் சியராவின் கீழ் இயங்கிய இம்ப்ரெஷன்ஸ் என்ற ஸ்டூடியோ செய்தது. உரோமப் பேரரசின் வெற்று நிலம் ஒன்றில் நகர் கட்ட வேண்டும். வீடு கட்ட முடியாது. மனை ஒதுக்கலாம். பெயர்ப்பலகை நட்ட அந்த மனையைத் தேடி, வரைபடத்தின் விளிம்பிலிருந்து குடிவருவோர் கைவண்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். வந்ததும் கூடாரம் எழும்பும். தண்ணீரும் சந்தையும் கோயிலும் கிடைத்தால் கூடாரம் குடிசையாகும், குடிசை வீடாகும், கடைசியில் மாளிகையாகும். கிடைத்தது நின்றுபோனால் வீடு படிப்படியாகக் கூடாரமாகும். பிறகு அதே கைவண்டியை இழுத்துக்கொண்டு அவர்கள் வெளியேறுவார்கள்.

பதினேழு வயதில் நான் இதில் மாளிகைகள் கட்டுவதில் மட்டும் குறியாக இருந்தேன். இப்போது அதன் கணக்கு வேறு விதமாகத் தெரிகிறது. ஒவ்வொரு பட்டறையும் ஆள் தேடும் ஒருவரைத் தெருவில் அனுப்பும். அவர் குடியிருப்பு ஒன்றைக் கடந்தால்தான் அந்தப் பட்டறைக்கு வேலையாள் கிடைக்கும். ஆகவே பட்டறைகளுக்குப் பக்கத்தில் யாராவது குடியிருக்க வேண்டும். ஆனால் பட்டறையும் பண்டகசாலையும் பக்கத்தில் இருந்தால் வீட்டின் மதிப்பு குறையும், அது உயராது. இன்னொரு விதி: வீடு மாளிகையானதும் அதிலிருப்பவர்கள் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள். தொழிற்பகுதியில் நாலைந்து கூடாரங்களை வேண்டுமென்றே கூடாரங்களாகவே வைத்திருப்பது. ஒரு கிணறு போதும், அதற்குமேல் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அடிமை என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. எல்லோரும் கூலிக்கு உழைக்கும் குடிமக்கள். உரோம வரலாற்றின் மிகப் பெரிய உண்மையொன்றை விட்டுவிட்ட விளையாட்டு, நகரங்கள் புதிதாக வந்தவர்களை எங்கே குடியமர்த்துகின்றன என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாங்கள் முதலில் இருந்த தொடர்மாடியின் பின்பக்க ஜன்னலில் பண்டகசாலைகளின் கூரைகள்தான் தெரிந்தன. அப்பா வேலைக்கு நடந்தே போய்வருவார். அதை வசதி என்றே நாங்கள் சொல்லிக்கொண்டோம். அந்த நாளில் இரவிரவாக நான் திரையில் கட்டிய நகரத்திலும் அதே இடத்தில் கூடாரங்கள் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் எடுத்தன.

தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். யார் வைத்திருந்தார்கள்? சட்டப்படி சொன்னால், உரிமை அந்தப் பிரெஞ்சு நிறுவனம் வழியாக விவென்டிக்கும், 2008இல் அக்டிவிஷனுக்கும், 2023இல் மைக்ரோசொப்ட்டுக்கும் போனது. ஆனால் உரிமை கைமாறிய காலமெல்லாம் விளையாட்டுகள் இயங்கியதற்குக் காரணம் வேறு மனிதர்கள். பழைய டொஸ் கணினியைப் புதிய கணினிக்குள் நடித்துக் காட்டும் டொஸ்பொக்ஸ், 2001இல் தொடங்கிய ஸ்கம்வி.எம். இரண்டையும் ஆர்வலர்கள் சம்பளமின்றி எழுதினார்கள். சீசரின் இயக்கத்தையே கணக்குக் கணக்காக ஆராய்ந்து, ஜூலியஸ், ஒகஸ்டஸ் என்ற பெயர்களில் புதிதாக எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். 2008இல் போலந்தில் தொடங்கிய ஜி.ஓ.ஜி. என்ற கடை இந்த உழைப்பின் துணையோடுதான் பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்கிறது. சிற்றேடுகளையும் ஒளிவருடி உடன் கொடுக்கிறார்கள். இப்படி மீண்டவை சிலவே. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காட்டை இன்று கடையில் வாங்க முடியாது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மற்றவை எங்காவது ஒரு சப்பாத்துப் பெட்டியில் இருந்தால் உண்டு.

களவை நான் நியாயப்படுத்தவில்லை. ஓக்ஹர்ஸ்ட்டில் வேலை செய்தவர்களின் கூலி எங்கள் நிலவறையிலும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பூட்டைப் போட்டவர்கள் சாவியைத் தொலைத்துவிட்டுப் போனபின், பொருளை வைத்திருந்தவர்கள் அதைப் பயன்படுத்தியவர்களே. ஒரு பண்பாட்டின் பொருட்கள் உரிமையாளரின் பெட்டகத்தில் பிழைப்பதைவிடப் பலர் வீட்டில் பல படிகளாகப் பிழைப்பதே அதிகம். வில்லியம்ஸ் தம்பதி 2023இல் ஓய்வைக் கைவிட்டு மீண்டும் ஒரு விளையாட்டு வெளியிட்டார்கள். எது தெரியுமா? 'கொலோசல் கேவ்'. யாரும் பூட்டி வைக்காததால் கைக்குக் கை பரவி மிஞ்சிய அந்தக் குகை.

வாங்கிய கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் சேமித்திருக்கிறேன். அண்ணாவுக்கும் சொன்னேன். அவர் இப்போது ஏஜக்ஸில் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. தனக்கென்று ஒரு பிரதியைக் காசு கொடுத்தே வாங்கினார். இரண்டு நாள் கழித்து இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"டேய், அந்தக் குன்றடியில நிக்கிறன். புத்தகம் உன்னட்ட இருக்கே?"

சிற்றேடு அவருடைய கணினியிலும் இருக்கிறது, விளையாட்டோடு சேர்ந்தே வந்தது என்றேன். திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார், எழுத்துகள் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன என்று.